கை படாத வண்டி

"இத்தனை வருஷமா இதுல யாருமே கை வைக்கலையா?" என்று கேட்டார் அஹமது கபீர். பானெட்டுக்குள் தலையை விட்டிருந்தவரின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"யாரும் வைக்கலை பாய். நான் விட்டதே இல்லை" என்று பெருமையாகச் சொன்ன நெடுமாறன், மறுகணமே நாக்கைக் கடித்துக்கொண்டார். வண்டியை விற்க மனமில்லாதவர், வாங்க வந்தவரிடம் சொல்லக்கூடிய பேச்சா இது?

திருத்துறைப்பூண்டிச் சுற்றுவட்டாரத்தில் நெடுமாறனின் டீசல் பிக்கப்பைத் தெரியாதவர்கள் கிடையாது. பாதிப் பேர் அதைத் தள்ளியிருக்கிறார்கள். மீதிப் பேர் அது விட்ட கரும்புகையில் இருமியிருக்கிறார்கள். சிங்கப்பூரில் வெயிலில் காய்ந்து சம்பாதித்த காசில் வாங்கிய வண்டி. ஸ்பேனர் பட்டால் வண்டியின் மதிப்பு போய்விடும் என்பது அவருடைய கொள்கை. வீடு தேடி வந்த மெக்கானிக்குகளுக்கு டீ வாங்கிக் கொடுத்து, வாசலோடு திருப்பி அனுப்பியவர் அவர். அவரும் தொட மாட்டார். துடைப்பதோடு சரி.

போன வாரம் நெல் மூட்டைகளோடு கொள்முதல் நிலையத்துக்குப் போகும் வழியில், ரயில்வே கேட்டுக்குப் பக்கத்தில் வண்டி படுத்துவிட்டது. பின்னால் நின்ற பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்க்க, மனைவி விஜயலட்சுமி பட்டுப்புடவையோடு இறங்கித் தள்ளினாள். வீட்டுக்கு வந்ததும் ஒரே வார்த்தைதான் சொன்னாள்.

"வித்துடுங்க."

"விஜயா, அது வந்து..."

"அதிராம்பட்டினத்துல ஒரு பாய் கை படாத பழைய வண்டியா தேடுறாராம். ஞாயித்துக்கிழமை வரச் சொல்லிட்டேன். அவருக்கே பிடிக்கலைன்னா சொல்லுங்க, அப்புறம் விக்கிற பேச்சை நான் எடுக்கவே மாட்டேன்."

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நெடுமாறன் நெஞ்சோடு கட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்தார். ஆனால் வந்த மனிதருக்கோ வண்டியில் பார்ப்பதெல்லாம் பிடித்துக்கொண்டே போனது.

"இந்த பேட்டரி முனையைப் பாருங்கண்ணே. எப்படிப் பச்சை பூத்துக் கிடக்கு. இதுதான் ஒரிஜினல். சில பேரு இதுல சுடுதண்ணிய ஊத்தி, உப்புத்தாள் போட்டுத் தேச்சு, கொஞ்சம் கிரீஸையும் தடவிக் கெடுத்து வச்சிருப்பாங்க. அந்த மாதிரி வண்டிய நான் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்."

"அப்படியா?" என்றார் நெடுமாறன். அவர் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

"உள்ள வாங்க பாய், டீ ஆறிடப் போகுது" என்று விஜயலட்சுமி கூப்பிட, கபீர் உள்ளே போனார். அவர் செருப்பைக் கழற்றுவதற்குள் நெடுமாறன் கொல்லைப்புறமாக அடுப்படிக்குள் ஓடினார். குளிப்பதற்காகக் காய்ந்துகொண்டிருந்த வெந்நீர் பேட்டரி முனையில் கொட்டப்பட்டது. பக்கத்து வீட்டுக் கதவுக்கு பெயின்ட் அடித்தபோது மிச்சமான உப்புத்தாள் வந்தது. தேய்த்தார், தேய்த்தார், வருடக் கணக்கில் படிந்த பச்சையெல்லாம் போய் ஈயம் பளபளக்கும் வரை தேய்த்தார். ஜென்மத்தில் அவர் அந்த வண்டிக்குச் செய்த முதல் வேலை அதுதான்.

கபீர் திரும்பி வந்து பார்த்து முகம் வாடினார்.

"என்னண்ணே, கை வச்சிருக்கீங்களே? சரி, சாவியைக் கொடுங்க."

சாவியைத் திருப்பினார். தள்ளுவதற்காக வழக்கம்போல லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துகொண்டிருந்த எதிர்வீட்டுக்காரர் பாதி வழியிலேயே நின்றார். வண்டி ஒரே முறுக்கில் உயிர் பிடித்துவிட்டது.

நெடுமாறனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஓடிப்போய் வண்டியைக் கட்டிப்பிடித்துக்கொள்ளத் தோன்றியது. கூடவே பயமும் வந்தது. இப்படி ஜம்மென்று கிளம்பினால் எந்த மடையன் வாங்காமல் போவான்?

"பரவாயில்லை, புகை கறுப்பாத்தான் வருது" என்று கபீர் திருப்தியாகத் தலையாட்டினார். "ஏர் ஃபில்டரைத் திறக்கவே இல்லை, அதான். அதைக் கழட்டி, தூசியைத் தட்டி, உள்ளேயும் துணியால துடைச்சுட்டா இந்தப் புகை வராது. அப்புறம் எனக்கு இது எதுக்கு? கொஞ்சம் இருங்கண்ணே, ஒரு போன் பேசிட்டு வந்துடுறேன்."

அவர் தெருமுனைக்குப் போய்ப் பேசினார். பேசினார், பேசிக்கொண்டே இருந்தார். இங்கே நெடுமாறன் ஃபில்டரைக் கழற்றித் தென்னைமரத்தில் ஓங்கி ஓங்கி அடித்தார். அதிலிருந்து தஞ்சாவூர் ஜில்லாவின் அத்தனை சாலைப் புழுதியும் கொட்டியது. ஒரு குருவிக்கூடும் விழுந்தது. மாட்டியபின் ஆக்சிலேட்டரை மிதித்துப் பார்த்தார். புகை இல்லை. சத்தம்கூட மாறியிருந்தது. இன்னொரு தடவை மிதித்தார். அந்தச் சத்தத்தைக் கேட்கக் கேட்க அவருக்கு ஆசையாக இருந்தது.

"ஐயய்யோ, இதையுமா?" என்றபடி வந்தார் கபீர். முகம் தொங்கிப்போயிருந்தது. நெடுமாறன் மனதுக்குள் குத்தாட்டம் போட்டார்.

ஆனால் கபீர் கதவைத் திறந்தார். கதவு ஊரைக் கூட்டுகிற மாதிரி அலறியது. உடனே அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஆகா, இது போதும்ணே எனக்கு. யாரும் ஒரு சொட்டு எண்ணெய்கூட விடலை."

அவர் வண்டியைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனதும் விஜயலட்சுமியின் தேங்காயெண்ணெய் பாட்டில் கீல்களில் காலியானது.

"டீசல் ஃபில்டர் எப்படிண்ணே?" என்று அந்தப் பக்கத்திலிருந்து கபீரின் குரல் வந்தது. "இந்த வண்டி ஓடுறப்ப நின்னு நின்னு போகுமாமே?"

"போகும் பாய். ரயில்வே கேட்டுகிட்டகூட..."

"அருமை. டேங்க் அடியில தண்ணியும் துருவும் தேங்கிக் கிடக்கு. அடித்திருகைக் கழட்டி அதை வடிச்சு, புது ஃபில்டரைப் போட்டு, கைப்பம்பை நல்லாக் கெட்டியாகுற வரைக்கும் அமுக்கி ஏர் எடுத்துட்டா நிக்காது. அப்படிப் பண்ணின வண்டியை எவனாவது என் தலையில கட்டினான்னா, நான் சும்மா விட மாட்டேன். சரிண்ணே, லுஹர் தொழுகைக்கு நேரமாச்சு. பள்ளிவாசல் வரைக்கும் போயிட்டு வந்துடுறேன்."

அவர் போனதும் நெடுமாறன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்குப் பறந்தார். ஞாயிற்றுக்கிழமை என்பதால் சாத்தியிருந்த கடையை, கடைக்காரரைச் சோற்று இலையிலிருந்து எழுப்பித் திறக்க வைத்தார். "உங்க வண்டிக்கா? ஃபில்டரா?" என்று அவர் நம்பாமல் கேட்டுக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வண்டிக்கு அடியில் படுத்துத் திருகைக் கழற்றியதும், டீ டிகாக்‌ஷன் மாதிரி ஒரு திரவம் அவர் நெஞ்சில் கொட்டியது. சட்டை போனது. மீசை டீசலில் ஊறியது. கைப்பம்பை அமுக்கினார். விரல் மரத்துப்போகும் வரை அமுக்கினார். குமிழியெல்லாம் அடங்கித் தெளிந்த டீசல் வந்தபோது, "வந்துடுச்சு, வந்துடுச்சு" என்று தனக்குத்தானே கத்திக்கொண்டார். எதற்காக இதைச் செய்ய ஆரம்பித்தோம் என்பதே கொஞ்ச நேரம் அவருக்கு மறந்துபோயிருந்தது.

"என்னங்க இது கோலம்?" என்றாள் விஜயலட்சுமி, வாசலுக்கு வந்து.

"வாய்க்கால்ல வழுக்கி விழுந்துட்டேன்."

"வாய்க்கால்ல இப்ப டீசலா ஓடுது?" என்று கேட்டுவிட்டு, மேற்கொண்டு ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விட்டாள்.

கபீர் திரும்பி வந்து வண்டியை ஓட்டிப் பார்த்தார். ரயில்வே கேட் வரைக்கும் போய், மேடேறி, நிற்காமல் திரும்பி வந்தது. கதவு சத்தமில்லாமல் திறந்தது. அவர் இறங்கி நின்று, துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி தலையை ஆட்டினார்.

"எல்லாத்துலயும் கை வச்சிட்டீங்கண்ணே. இனி எனக்கு இது ஆகாது. தங்கச்சி, மன்னிச்சுக்கம்மா."

"என்ன செய்யறது பாய். வாக்கு கொடுத்துட்டேன், இனிமே விக்கச் சொல்ல மாட்டேன்" என்றாள் விஜயலட்சுமி.

நெடுமாறனுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. வண்டி அவருடையது, இனி என்றைக்கும் அவருடையது. அதுவும் எப்பேர்ப்பட்ட வண்டி! நாளைக்கே மிச்ச மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, யாரையும் தள்ளக் கூப்பிடாமல், ராஜா மாதிரி கொள்முதல் நிலையத்துக்குப் போகலாம். அதிராம்பட்டினத்துப் பாயை இப்படி அழகாக ஏமாற்றியதை நினைத்துச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பாவமாகவும் இருந்தது.

"ஏறுங்க பாய். இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க, பஸ் ஸ்டாண்டுல இறக்கி விடுறேன்" என்றார் பெருந்தன்மையாக.

கபீர் ஏறி உட்கார்ந்தார். வண்டி கிளம்பத் தயாராகப் பூனை மாதிரி உறுமிக்கொண்டிருந்தது. அப்போது பக்கத்து வீட்டுக்காரி அம்சம் அவசரமாக வேலியைத் தாண்டி ஓடி வந்து, கபீர் பக்கத்து ஜன்னலைப் பிடித்துக்கொண்டாள். முன்பென்றால் என்ஜின் போடும் சத்தத்தில் அவள் பேசுவது காதில் விழுந்திருக்காது. இப்போது ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

"மெக்கானிக் பாய், அடுத்த ஞாயித்துக்கிழமை எங்க டிராக்டருக்கும் வந்து விலை கேளுங்களேன். எங்க வீட்டுக்காரரும் யாரையும் கை வைக்க விடமாட்டேங்குறாரு."