டயல்டோன் அண்ணன் எழுதிய காரணம்

ஹட்டனிலிருந்து நானுஓயா வரை டெலிபோன் கெட்டுப்போனால் எல்லோரும்தான் கவலைப்படுவார்கள். டெலிபோன் நன்றாக இருந்தாலும் கவலைப்படுகிற ஒரே மனிதர் டயல்டோன் அண்ணன்.

தேயிலைத் தோட்டங்களின் உள் டெலிபோன்களைப் பழுது பார்ப்பவர். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. எங்கே போனாலும் முதலில் ரிசீவரை எடுத்துக் கண்ணை மூடி டோன் கேட்பார். எங்கள் தோட்டத்துக் கிளாக்கர் வீட்டுக் கல்யாணத்தில், "டோன் லேசா இருமுதுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பந்தியில் உட்கார்ந்தார்.

கைபேசி வைத்துக்கொள்ள மாட்டார். "அதுல டோனே இல்லையேங்க. என்னத்த நம்பிப் பேசுறது?" ஆகவே அவரை வரவழைக்க ஹட்டன் பஸ்ஸில் யாரிடமாவது சொல்லியனுப்ப வேண்டும்.

பழுது பார்த்ததும் ஆபீஸ் புத்தகத்தில் காரணத்தை உள்ளபடி எழுதுவார். பக்கத்துத் தோட்டத்தில், "காரணம்: பெரிய துரை கொட்டிய டீ" என்று எழுதி, மேனேஜரான அந்தத் துரையிடமே கையெழுத்து வாங்கியவர்.

அப்படிப்பட்டவரிடம் நான் மாட்டிக்கொண்டேன். தோட்டத்து ஆபீஸில் சேர்ந்து இரண்டு மாதம். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், சுத்தம் செய் என்றார்கள். சுவரிலிருந்த, எல்லாப் போனையும் இணைக்கும் டெலிபோன் பெட்டியைத் திறந்தேன். உள்ளே வரிசையாகச் சர்க்யூட் கார்டுகள், மேலெல்லாம் தூசி. ஒன்றை உருவி, துடைத்து, திரும்பச் செருகினேன். கரண்டை நிறுத்த வேண்டும் என்று யார் கண்டது? ஆபீஸ், தொழிற்சாலை, மருந்தகம், பங்களா எல்லாப் போன்களும் ஒரே நொடியில் செத்தன. எங்கள் பள்ளத்தில் கைபேசிக்குச் சிக்னலும் கிடையாது.

"யாரு வேலைன்னு புத்தகத்துல வரட்டும். அன்னைக்கே வீட்டுக்கு அனுப்புறேன்" என்று எங்கள் பெரிய துரை குதித்தார்.

மறுநாள் அண்ணன் வந்தார். தலை தொப்பலாக நனைந்திருந்தது. மாற்றுக் கார்டு மட்டும் ஸ்வெட்டருக்குள் பத்திரமாக இருந்தது. பழையதை உருவி மோந்து பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"இது சிக்னலிங் புரொசசர் தங்கச்சி. காலையில பெரட்டுல எல்லாரையும் நிக்க வச்சு வேலைக்குப் பேர் கூப்பிடுற ஆளு மாதிரி. யாரு யாரோட பேசணும், எங்க மணி அடிக்கணும்னு இதுதான் சொல்லும். கரண்ட் இருக்கையில உருவுனா முடிஞ்சுச்சு."

"தெரியாம செஞ்சுட்டேங்க அண்ணே. வேலை போயிருங்க. பனியில கெட்டுச்சுன்னு எழுதுங்களேன்."

"பொய் எழுத மாட்டேன்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவரோ புதுக் கார்டைச் செருகி, சாவகாசமாக டோன் கேட்டுவிட்டு, எழுத உட்கார்ந்தார்.

துரை உரக்கப் படித்தார்: "காரணம்: கரண்டை நிறுத்தாமல் கார்டை உருவக்கூடாது என்று பெட்டியில் எழுதி ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டியவன் நான்."

கால் மணி நேரம் ஏச்சு. அண்ணன் தலையாட்டிக்கொண்டே நின்றார். யார் உருவியது என்று கேட்கத் துரைக்குத் தோன்றவே இல்லை.

பஸ்ஸுக்குப் போனவர் பின்னால் ஓடினேன். "என்னாலதானே அண்ணே ஒங்களுக்கு ஏச்சு?"

"எனக்கு ஏச்சு பழசு தங்கச்சி. ஒனக்கு வேலை புதுசு" என்று சொல்லிவிட்டு ஏறிக்கொண்டார்.

அண்ணே என்று எத்தனையோ பேரைக் கூப்பிடுகிறோம். இவரை மட்டும் நான் மனசாரக் கூப்பிடுகிறேன்.