நூறிலிருந்து ஏழு

கே.கே. நகர்,
திருச்சி.

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை கலையரசன் அவர்களுக்கு, மாமனார் வீரமலை எழுதுவது. இங்கே நானும் உங்கள் அத்தை மகாலட்சுமியும் சுகம். என் மூளை சுகமா என்பதில்தான் வீட்டுக்குள் இரண்டு கட்சி.

போன வாரம் காய் வாங்க ஸ்கூட்டரில் சத்திரம் பேருந்து நிலையம் பக்கம் போனவன், பஸ் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டேன். "வண்டி எங்கங்க?" என்று உங்கள் அத்தை கேட்ட பிறகுதான் வண்டியில் போனதே ஞாபகம் வந்தது. உங்கள் மைத்துனன் வளவன் போய் வண்டியை எடுத்து வந்தான், சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டான், மறுநாளே என்னை ஞாபகமறதி டாக்டரிடம் கூட்டிப்போனான். கிழமை, மாதம், முதலமைச்சர் எல்லாம் டக்கென்று சொன்னேன். பிறகு டாக்டர், "நூறுல ஏழு போனா எவ்வளவுங்க ஐயா?" என்றார். "தொண்ணூத்தி மூணு." "அதுல ஏழு?" அங்கேதான் மாப்பிள்ளை எனக்குக் கண்ணைக் கட்டியது. மூன்றில் ஏழு போகாது, பக்கத்தில் கடன் வாங்க வேண்டும், வாங்கித் திரும்புவதற்குள் கையிலிருந்தது தொண்ணூற்று மூன்றா, நான்கா என்பது போய்விட்டது. "எண்பத்தேழு" என்றேன். "ம்" என்று எதையோ குறித்துக்கொண்டார். மின்வாரியத்தில் வேலைக்காலம் முழுக்க மீட்டர் கணக்கெடுத்தவன் நான்! ஐந்தைந்தாகக் கழித்து ரயில் மாதிரி ஓட்டிக் காட்டினேன். "அது எல்லாருக்கும் வருங்க" என்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து வளவனைக் கழிக்கச் சொன்னேன். இஞ்சினியர் அல்லவா, எழுபத்திரண்டு வரைக்கும் ஜோராக வந்தான், அடுத்து அறுபத்துநாலு என்றான். "தப்புடா." "ஆபீஸ் டென்ஷன்ப்பா." அவன் தப்பினால் டென்ஷன், நான் தப்பினால் வியாதி. சாவி மட்டும் வரவில்லை.

நானே தனியாக மறுபடி டாக்டரிடம் போய், "நீங்க கழிங்க பாப்போம்" என்றேன். ஐம்பத்தெட்டில் நின்று மின்விசிறியைப் பார்த்தவர் சிரித்துவிட்டார். "ஐயா, அஞ்சைக் கழிச்சா கடைசியில அஞ்சு, பூஜ்யம், அஞ்சு, பூஜ்யம்னு மாறி மாறித்தான் வரும். ஒன்பதுன்னா பத்தைக் கழிச்சு ஒண்ணைச் சேர்த்துக்கலாம். ஏழுக்கு அப்படிக் குறுக்கு வழி லேசுல தோணாது. பழைய விடையையும் பிடிச்சுக்கணும், கடனும் வாங்கணும். அந்தப் பிடி எப்படி இருக்குன்னு பாக்கத்தான் ஏழைக் கேக்குறோம். ஒண்ணு தப்பினா வியாதி இல்லைங்க. நீங்க தாராளமா வண்டி ஓட்டலாம்." அவர் சொல்லும்போது பளிச்சென்று புரிந்தது. பாலக்கரையில் பஸ் நின்றபோது மறுபடி குழம்பிவிட்டது. ஏழு என்ன பாவம் செய்தது, எட்டு என்ன புண்ணியம் செய்தது?

டாக்டர் சொன்னதை நான் சொன்னால் வளவன் நம்பமாட்டான். நீங்கள் ஒரு வார்த்தை சொல்லிச் சாவியை வாங்கித் தர வேண்டும். நீங்களும் என் மகள் கலைமதியும் குறைவில்லாமல் இருக்க ஸ்ரீரங்கம் போய் வேண்டிக்கொள்கிறேன். பஸ்ஸில்தான் போக வேண்டும், அதையும் மனதில் வையுங்கள்.

இப்படிக்கு,
வீரமலை

பி.கு.: வளவனிடம் எதுவும் சொல்ல வேண்டாம். இதை உறைக்குள் போடும்போது அடுக்களையிலிருந்து, "பதினாறு, ஒன்பது, ரெண்டு" என்று குரல் வந்தது. உங்கள் அத்தைதான்! வெண்டைக்காய் நறுக்கியபடியே நூறிலிருந்து இறங்கி வந்திருக்கிறாள். எப்படி என்று கேட்டேன். "பத்தைக் கழிச்சு மூணைக் கூட்டுறேன், இதுல என்ன இருக்கு? அதை விடுங்க, எனக்கு வண்டி ஓட்டக் கத்துக்குடுங்க" என்கிறாள். வளவனும் சாவியை அவள் கையில் கொடுத்துவிட்டான். இப்போது நான் வண்டியில் முன்னால் உட்காருவதா பின்னால் உட்காருவதா என்பது மட்டும் தெரிந்தால் போதும்.