மேஸ்திரி எதற்கு, நான் இருக்கிறேன்

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. குழாய் ஒழுகினால் பிளம்பரைக் கூப்பிடாது, விளக்கு எரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடாது, சுவர் வெடித்தால் மேஸ்திரியைக் கூப்பிடாது, லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு தகரப் பெட்டியைக் கரகரவென்று இழுத்து, "இதுக்கெல்லாம் இன்னாத்துக்கு ஆளு?" என்று கேட்கும். அந்தக் கேள்வி காதில் விழுந்ததும் வீட்டுப் பெண்கள் செய்யும் முதல் காரியம் என்ன தெரியுமா? இருக்கிற குடங்களில் எல்லாம் தண்ணீர் பிடித்து வைப்பது. அனுபவம் அப்படி.

இந்த இனம் எல்லா ஊரிலும் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எங்கள் கோலார் தங்கவயலில் அது கொஞ்சம் செழிப்பாகவே வளர்கிறது. இங்கே பாதிப் பேர் பாறையைக் குடைந்தவர்களின் பேரன்கள். மீதியில் பாதிப் பேர் பெரிய எந்திரத் தொழிற்சாலையில் மண்வாரி எந்திரம் செய்தவர்கள். ஒரு குன்றையே அள்ளிப்போடுகிற எந்திரத்தைச் செய்து அனுப்பியவரிடம் போய், ஒரு குளியலறை கட்ட ஆள் வைத்துக்கொள்ளுங்கள் என்றால் அவருக்கு ரோஷம் வராதா?

மேஸ்திரிகள் மீதும் தப்பு உண்டு. எங்கள் ஊரில் நல்ல மேஸ்திரிகளுக்குப் பஞ்சமே இல்லை. என்ன, அவர்கள் அத்தனை பேரும் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்குப் போய், யார் யாருக்கோ அடுக்குமாடி கட்டிவிட்டு, இருட்டிய பிறகுதான் திரும்புகிறார்கள். பகலில் ஒரு மேஸ்திரி ஊரில் அகப்பட்டால் அவர் அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டவர் என்று அர்த்தம். அந்த எரிச்சலோடு நம் வீட்டுக்கு வருவார், சுவரைத் தட்டிப் பார்ப்பார், தலையை ஆட்டுவார், "ஆயிடும் சார், நாளைக்கு வந்துடுறேன்" என்பார். மறுநாள் ரயிலைப் பிடித்துவிடுவார்.

இனி இந்த இனத்துக்கு மாதிரியாக ஒருவரைக் காட்டுகிறேன். ராபர்ட்சன்பேட்டையில் எங்கள் குறுக்குத் தெருவில், எனக்கு எதிர்வீட்டில் இருப்பவர் வாசு சார். தொழிற்சாலையில் இறுதிச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். செய்து முடித்த எந்திரத்தைச் சுற்றிச் சுற்றி வந்து, அரை நூல் பிசகினாலும் திருப்பி அனுப்பி, எல்லாம் சரியாக இருந்தால் மட்டும் மஞ்சள் சாக்கட்டியால் 'ஓகே' என்று எழுதுவது அவர் வேலை. வேலை போய்விட்டது, சாக்கட்டி போகவில்லை. ஆயுத பூஜை அன்று ஊரே வண்டிக்கும் எந்திரத்துக்கும் பொட்டு வைக்கும். வாசு சார் தன் டிரில்லிங் மெஷினுக்குச் சந்தனம் பூசி, மாலை போட்டு, பொரிகடலை படைத்து, மனைவி நளினி அம்மாளையும் கூப்பிட்டுக் கும்பிடச் சொல்வார். அந்த அம்மாளும் கும்பிடுவார். என்ன வேண்டிக்கொள்வார் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை.

இவர்களுக்கு ஒரே மகள், சுனிதா. பெங்களூரில் வாழ்க்கைப்பட்டு, இப்போது முழுகாமல் இருக்கிறாள். ஏழாம் மாதம் வளையல் போட்டு அழைத்துவந்து தலைப்பிரசவத்தைத் தன் வீட்டில் பார்க்க வேண்டும் என்பது நளினி அம்மாளின் ஆசை. ஆசை என்பது சின்ன வார்த்தை. அந்த அம்மாள் கல்யாணம் முடிந்த மறுநாளிலிருந்தே குழந்தைக்குப் பழம்புடவை சேர்த்து வைக்க ஆரம்பித்தவர். ஆனால் வீட்டுக் குளியலறை பின்கட்டில், படி இறங்கிப் போக வேண்டிய இடத்தில், பாசி பிடித்துக் கிடந்தது. டாக்டர் சுனிதாவைக் கீழே உட்கார்ந்து எழக் கூடாது என்று சொல்லிவிட்டார். சம்பந்தியம்மாளோ, "எங்க வூட்டுலயே இருக்கட்டுமே, எல்லா வசதியும் கீது" என்று இனிமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்த இனிமைதான் நளினி அம்மாளைத் தூங்கவிடவில்லை.

"ஏங்க, ஒரு மேஸ்திரிய புடிச்சு, உள்ளாரயே ஒரு பாத்ரூம் கட்டிடலாம். உக்கார்ற மாதிரி டாய்லெட் வெச்சு, வழுக்காத டைல்ஸ் போட்டுட்டா போதும்" என்றார் நளினி அம்மாள்.

"மேஸ்திரி இன்னாத்துக்கு? நான் கீறேன் இல்ல?" என்றார் வாசு சார்.

அன்றைக்கே பழைய குளியலறையை இடித்துவிட்டார். இந்த இனத்தின் முக்கியமான அடையாளம் இது, குறித்துக்கொள்ளுங்கள்: கட்டத் தெரிகிறதோ இல்லையோ, இடிப்பதில் ஒரு நாள் கூடத் தாமதம் இருக்காது. கடப்பாறையும் கையுமாக, மூக்கில் துண்டு கட்டி, தலையெல்லாம் சுண்ணாம்பாக வெளியே வந்து நின்ற வாசு சாரின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். தெருவே வேடிக்கை பார்த்தது. சாயங்காலம் நளினி அம்மாள் ஒரு வாளியையும் சோப்புப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடி, பக்கத்து வீட்டு எல்லம்மாவின் குளியலறைக்குப் போனபோதும் தெருவே பார்த்தது.

அதற்குப் பிறகு நடந்ததுதான் விசேஷம். மேஸ்திரிகளைக் கண்டாலே ஆகாத வாசு சார், கொஞ்சம் கொஞ்சமாக ஒரு மேஸ்திரியாகவே மாறிவிட்டார். காலையில் வேலையை ஆரம்பித்ததும் டீ கேட்டார். டீ குடித்ததும் சிமெண்ட் வரவில்லை என்றார். சிமெண்ட் வந்ததும் மணல் சரியில்லை என்றார். மணலைச் சலித்து வைத்ததும் வானத்தைப் பார்த்து, மழை வரும்போல இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்றார். ஒரு நாள் முழுக்க, டிரில்லிங் மெஷினுக்கு ஏற்ற முனை தேடி ராபர்ட்சன்பேட்டை ஹார்ட்வேர் கடைகளில் சுற்றினார். கடைசியில் அது அவர் தகரப் பெட்டியிலேயே இருந்தது. சுனிதா ஃபோன் செய்தால் ஒரே பதில்தான்.

"பா, பாத்ரூம் ரெடி ஆச்சா? அத்த டெய்லி கேக்குறாங்க."

"ஃபினிஷிங் போய்க்கினு கீதும்மா. நாளைக்கு முடிஞ்சிடும்."

எல்லம்மா வீட்டிலிருந்து ஈரத் தலையோடு திரும்பிக்கொண்டிருந்த நளினி அம்மாள் ஒருநாள் என்னிடம் மனம் விட்டுப் பேசினார். "மேஸ்திரியா இருந்தா திட்டவாவது திட்டலாம். அதுவும் இல்லன்னா, பொழுது சாஞ்சா அவன் வூட்டுக்கு அவன் போயிடுவான். இந்த மேஸ்திரி எங்க போவாரு சொல்லுங்க?" என்றார்.

ஆனாலும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கடைசியில் வேலை முடிந்தது. வாசு சார் என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்க் காட்டினார். குளியலறை பளபளவென்று இருந்தது. மகள் கால் தடுக்கிவிடக் கூடாது என்று வாசலில் படியே வைக்காமல், கூடத்துத் தரையும் குளியலறைத் தரையும் ஒன்றாக இருக்கும்படி செய்திருந்தார். அதில் ஓர் அப்பாவின் பாசம் இருந்தது. அதைக் கேலி செய்ய எனக்கு மனம் வரவில்லை. பிறகு அவர் தன் ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். நீர்க்குமிழி நடுவில் வந்து அசையாமல் நின்றது. மூலைக்கு மூலை வைத்துக் காட்டினார். எங்கே வைத்தாலும் நடுவில்தான்.

"பாத்தீங்களா? மெஷின் நிக்க வெக்கிற தர இப்டித்தான் இருக்கணும். அர நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் கிடையாது. எந்த மேஸ்திரியாவது இத்த பண்ணுவானா?" என்று கேட்டுவிட்டு, கதவில் மஞ்சள் சாக்கட்டியால் 'ஓகே' என்று எழுதினார்.

எந்த மேஸ்திரியும் பண்ணமாட்டான், உண்மைதான்.

நளினி அம்மாள் ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டுவந்து தரையில் ஊற்றினார். தண்ணீர் சற்று நேரம் யோசித்தது. மூலையில் இருந்த வடிகால் ஓட்டையை அது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாலு பக்கமும் ஒரே சீராகப் பரவி, சுவரைத் தொட்டு, படியில்லாத வாசலைச் சாவகாசமாகத் தாண்டி, கூடத்துச் சிவப்புச் சிமெண்ட் தரையில் இறங்கியது. கூடத்தில் விட்டிருந்த எங்கள் செருப்புகள் மெல்ல நகர ஆரம்பித்தன.

"தண்ணி ஓட வாட்டமே வுடலியா?" என்றார் நளினி அம்மாள். சத்தமே போடவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"அது ஒண்ணும் இல்ல. குளிச்சிட்டு ரெண்டு தபா வைப்பர் போட்டுத் தள்ளுனா போயிடும்" என்றார் வாசு சார்.

"நெறமாசக்காரி குனிஞ்சு தண்ணி தள்ளுவாளா? இந்த ஈரத்துல கால வெச்சா இன்னா ஆவும்னு நெனச்சுப் பாத்தீங்களா?"

வாசு சார் ரசமட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். குமிழி இன்னும் நடுவில்தான் இருந்தது. நளினி அம்மாள் ஃபோனை எடுத்தார். எங்கள் இருவர் எதிரிலேயே மகளிடம் பேசினார். "நீ அங்கயே இரும்மா. இங்க வாணாம். அத்த நல்லா பாத்துக்குவாங்க. நான் வந்து வந்து பாத்துட்டுப் போறேன்" என்றார். கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்தது. ஃபோனை வைத்துவிட்டு, பழம்புடவை மூட்டையை அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து எடுத்து, ஈரம் படாத உயரத்தில் வைத்தார்.

மறுநாள் விடிவதற்கு முன் என் வீட்டுக் கதவைத் தட்டும் சத்தம். வாசு சார் சட்டைக்கு மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றார். "ஸ்டேஷன் வரைக்கும் வரீங்களா?" என்றார். இந்த இனத்தில் பிறந்தவர் ஒருவர் தானாகவே மேஸ்திரியைத் தேடிப் போனார் என்று சொன்னால் நீங்கள் நம்பமாட்டீர்கள். அதற்குத்தான் சாட்சியாக என்னைக் கூட்டிப்போனார் போலிருக்கிறது.

சாம்பியன் என்ற எங்கள் ஊர் ஸ்டேஷனில் பனி இறங்கிக்கொண்டிருந்தது. பிளாட்பாரம் முழுக்க மேஸ்திரிகள். கரண்டி துருத்திய பை, மடித்த மட்டப்பலகை, கையில் டிஃபன் டப்பா. வாசு சார் ஒவ்வொருவரிடமும் போய் நின்றார். "சார், ஒயிட்ஃபீல்டுல சென்ட்ரிங் வேல கீது" என்றார் ஒருவர். "ஞாயித்துக்கிழம பாக்கலாம் சார்" என்றார் இன்னொருவர், எந்த ஞாயிறு என்று சொல்லாமல். ரயில் வந்தது, எல்லோரையும் வாரிக்கொண்டு கிளம்பியது. அப்போதுதான் முனியப்பன் மேஸ்திரி பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். அவர் ஓடி வந்த வழியில் வாசு சார் நின்றுகொண்டிருந்தது தற்செயல்தான் என்று இன்றைக்கும் நான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன்.

ரயிலின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நின்ற முனியப்பனிடம், "டீ சாப்புடுறீங்களா மேஸ்திரி?" என்றார் வாசு சார். இத்தனை மரியாதையை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை.

வீட்டுக்கு வந்த முனியப்பன் தன் குல வழக்கப்படி குளியலறை வாசலில் நின்று, இடுப்பில் கை வைத்து, உச்சுக்கொட்டி, எல்லா மேஸ்திரிகளும் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வியைக் கேட்டார்.

"இத்த யாரு சார் பண்ணது?"

வாசு சார் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அது... ஒரு மேஸ்திரி. வெளியூரு ஆளு."

"இவன்லாம் ஒரு மேஸ்திரியா? இந்த ஆள எப்டி சார் நம்பி வுட்டீங்க?"

"நானும் எவ்ளோ சொல்லிப் பாத்தேன். கேக்கல" என்றார் வாசு சார்.

டீ கொண்டுவந்த நளினி அம்மாள் டம்ளரை முனியப்பன் கையில் கொடுத்துவிட்டு, "அந்த ஆளு எங்கயும் போயிடல மேஸ்திரி. இன்னும் இந்த வூட்டுலதான் ரெண்டு வேளையும் துன்னுகினு கீறான். வேணும்னா கூப்புடட்டுமா?" என்றார்.

வாசு சார் அவசரமாகத் தன் டீயை வாயில் ஊற்றிக்கொண்டு நாக்கைச் சுட்டுக்கொண்டார்.

முனியப்பன் தரையைப் பெயர்த்து, வாட்டம் விட்டு, வாசலில் ஒரு சின்னத் தடுப்பும் வைத்துக் கொடுத்தார். அவரும் லேசுப்பட்டவர் அல்ல. கதவைத் திருப்பி மாட்டியதில் அது பாதி திறந்ததும் வாஷ்பேசினில் இடித்தது. மேல் வரிசையில் ஒரே ஒரு டைல்ஸ் பாக்கி இருக்கும்போது, "நாளைக்கு வந்து ஒட்டிடுறேன் சார்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் ரயிலைப் பிடித்துவிட்டார். அந்தக் காலி இடத்தைப் பார்க்கப் பார்க்க வாசு சாரின் முகத்தில் பழைய களை திரும்பியது. "பாத்தீங்களா, மேஸ்திரின்னா இப்டித்தான். ஒரே ஒரு டைல்ஸ். நானே..." என்று ஆரம்பித்தவர், நளினி அம்மாள் திரும்பிப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். அன்று மாலையே ஏணி எல்லம்மா வீட்டுக்குக் குடிபோனது.

சுனிதா வந்துவிட்டாள், கை நிறைய வளையலோடு. அவள் முதல் தடவை குளிக்கப் போனபோது நளினி அம்மாள் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தார். உள்ளே தண்ணீர் மூலைக்கு ஓடி, ஓட்டையில் கடகடவென்று இறங்கும் சத்தம் கேட்டதும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவுதான் அவர் கேட்டது. வாசு சாரும் பக்கத்தில் நின்றார். குளித்துவிட்டு வந்த மகள், "பா, சூப்பரா கீதுபா. யாரு பண்ணது?" என்று கேட்டாள். அவர் கொஞ்சமும் கூசாமல், "நான் பக்கத்துல நின்னு பண்ண வெச்சேம்மா" என்றார்.

நல்ல வேடிக்கை மனிதர், இல்லையா? நீங்கள் இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டுதான் படித்திருப்பீர்கள். ஒரு சின்னக் கேள்வி மட்டும். தண்ணீர் கூடத்துக்கு ஓடி வந்த இடத்தைப் படித்தபோது, 'அட, மூலையைப் பார்த்துக் கொஞ்சம் சாய்த்துப் போட்டிருந்தால் முடிந்ததே, இது கூடவா தெரியாது, நானாக இருந்தால்' என்று உங்கள் மனசில் ஓடியதா? ஓடியிருந்தால், இனி வீட்டில் சுத்தியலைத் தொடுவதற்கு முன்னால், பிரசவத்துக்கு யாராவது வருகிறார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.