கட்டிலைத் திருப்பிப் போட்ட விவரம்

மதிப்பிற்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் வீட்டில் அனைவரும் சௌக்கியம் என்று நம்புகிறேன். இங்கே தங்கள் தங்கை, ஆக்ஸிஜன் மெஷின், நான் மூவரும் சுகம்.

"உங்களால முடியாது மாப்பிள்ளை, ஒரு வாரம் பார்ப்பேன், அப்புறம் மறுபடி ஆஸ்பத்திரியில சேர்த்துடுவேன்" என்று போனில் சொன்னீர்கள். அதற்குத்தான் இந்தப் பதில்.

பக்கவாதம், நுரையீரல் கோளாறு, சர்க்கரை மூன்றும் உள்ளவளை வீட்டுக்கு அனுப்ப ஆஸ்பத்திரிக்கே பயம்தான். அதனால் வீட்டுக்கு வந்து கவனிக்கும் நர்ஸ் முன்னதாகவே வந்து கதவு, குளியலறை எல்லாம் பார்த்தார், எலக்ட்ரீஷியன் மெஷினுக்குத் தனி லைன் இழுத்தார், மருந்துக்கடைக்காரர் மாத்திரைகளை வேளைவாரியாகப் பிரித்துக் கொடுத்தார், எல்லாம் சரி, முதல் நாள் காலை நர்ஸ் போன் பண்ணி, "பெட்டை ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் போடுங்க, இல்லேன்னா முதுகு புண்ணாயிடும்" என்றார். எனக்கு விளங்கவில்லை. தங்கள் தங்கையைக் கேட்டேன். "கட்டிலைத்தாங்க சொல்றாங்க" என்றாள். உடனே மாடி வீட்டு டிரைவரையும் எதிர்வீட்டுத் தையல்காரரையும் கூப்பிட்டு, அவளைத் தூக்கி நாற்காலியில் உட்காரவைத்து, தையல்காரர் ஆக்ஸிஜன் குழாயைச் சிக்காமல் பிடித்துக்கொள்ள, கட்டிலைத் திருப்பித் தலைமாட்டைக் கால்மாடாக்கிப் படுக்கவைத்தோம். இப்படியே பொழுதுக்கும். சாயங்காலம் நர்ஸ் நுழையும்போது கட்டில் அலமாரியில் மாட்டிக்கொண்டு, டிரைவர் "இன்னும் ரிவர்ஸ், இன்னும் ரிவர்ஸ்" என்று கத்திக்கொண்டிருந்தார்.

"ஐயா, எங்க பாஷையில பெட்டுன்னா பேஷண்ட்!" என்று நர்ஸ் தலையில் அடித்துக்கொண்டார். போச்சு, திரும்ப ஆஸ்பத்திரிதான் என்று நினைத்தேன். அவர் முதுகைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "ஒரு சிவப்புகூட இல்ல. அடிக்கடி தூக்கி உட்கார வச்சிருக்கீங்களே! தப்பா செஞ்சதுல பாதி சரி."

இப்போது கட்டில் ஜன்னலைப் பார்த்து நிற்கிறது. ஆளைத்தான் திருப்புகிறோம். அவள் இங்கே இருப்பதில் எனக்கு ரொம்ப சந்தோஷம். தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

பெரியவர்களுக்கு என் கும்பிடு, சின்னவர்களுக்கு ஆசி, தங்களுக்கு நல்ல தூக்கம்.

இப்படிக்கு,
தங்கள் தங்கையைத் திருப்பித் தருவதாக இல்லாத,
மாப்பிள்ளை

பி.கு. (தங்கை சொல்ல, நர்ஸ் எழுதுவது. ஐயா உறை ஒட்டப் பசை தேடப் போயிருக்கிறார்.)

அண்ணா, பெட்டுன்னா பேஷண்ட்டுன்னு எனக்கு முதல்லயே தெரியும். ஆஸ்பத்திரியில நாள் முழுக்கச் சுவரைத்தான் பார்த்தேன், இங்கேயும் சுவர்ப் பக்கமே போட்டிருந்தார். ஜன்னல் வேணும்னு கேட்டிருந்தா ஆயிரம் காரணம் சொல்லியிருப்பார். கல்யாணமான நாள்லேருந்து நான் சொன்னதை மறுபேச்சு பேசாம செஞ்சது இதுதான் முதல் தடவை. நான் எங்கேயும் வரலை.