கேமராவுக்கு வேர்த்த கதை

இந்தக் குளிர்காலம் முழுக்கப் பனிவாரியைத் தொடுவதில்லை என்று முடிவெடுத்தேன்.

என் பெயர் இசாமு. தைரியசாலி என்று அர்த்தம். மனைவி பெயர் சிசுகோ. அமைதியானவள் என்று அர்த்தம். பெற்றவர்கள் ஆசைப்பட்டுப் பெயர் வைக்கிறார்கள், அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை.

வட ஜப்பானில் இருக்கும் எங்கள் ஊர் குஷிரோவில் ஞாயிறு விடிந்ததும் சாலையை வழிக்கும் வண்டி வரும். தெருப் பனியை எல்லாம் ஒதுக்கி, சொல்லிவைத்தாற்போல் எங்கள் வாசலில் குவித்துவிட்டுப் போகும். இடுப்பளவு. பனிவாரி என்கிற அந்த ராட்சத அகப்பையால் அதை வாரிக் கொட்டுவது முப்பது வருஷமாக என் வேலை. அதனால் கலைஞனானேன்.

“ஞாயித்துக்கிழமை காலையில ஆத்துப் பாலத்துல கொக்கு படம் எடுக்கப் போறேன். ஊர்ப் போட்டிக்கு.”

“அப்ப வாசப் பனி?”

“கேமரா பிடிக்கிற கை பனிவாரியைத் தொடக் கூடாது. நடுங்கும். படம் ஆடிப்போயிடும்.”

“சரிங்க.”

சரி என்றதுமே நான் பயந்திருக்க வேண்டும். சந்தோஷப்பட்டுத் தொலைத்தேன். தான் பின்னிய சிவப்புக் குல்லாவை என் தலையில் மாட்டினாள்.

“நம்ம ஊரு கொக்குக்கும் உச்சந்தலை சிவப்புதானே. சொந்தக்காரன்னு நெனச்சு பக்கத்துல வரும்.”

வெளியே மைனஸ் பதினெட்டு. பாலத்துக்குப் போகத்தான் கிளம்பினேன், சத்தியமாக. தெருமுனையில் ராமென் நூடுல்ஸ் கடை. அடுப்புப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. கொக்கு எங்கே ஓடிவிடப் போகிறது?

பத்து மணிக்குக் கேமராவைக் கோட்டுக்குள் அணைத்தபடி வீடு திரும்பினேன். வாசல் சுத்தமாக இருந்தது. சிசுகோ ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“படம்?”

“கொக்கு வரலை. மூணு மணி நேரம் நின்னேன்.”

“ஏங்க, அதுக்கு வேர்க்கலையே?”

“எதுக்கு?”

“கேமராவுக்கு. அவ்ளோ நேரம் குளிர்ல இருந்துட்டு அடுப்பு எரியற ரூமுக்குள்ள வந்தா குப்புன்னு வேர்க்கணுமே? உங்க மூக்குக் கண்ணாடியே தெனம் வேர்க்குது.”

“இது நல்ல கேமரா.”

எனக்குத்தான் வேர்த்தது.

அடுத்த ஞாயிறு விடுவேனா? கேமராவைக் கடைக்கு வெளியே ஜன்னலடிப் பனியில் புதைத்தேன். நன்றாக உறையட்டும். உள்ளே உட்கார்ந்து, ஆவி படிந்த ஜன்னலில் முகமளவுக்கு ஒரு வட்டம் துடைத்துக் காவல் காத்தேன். கிண்ணம் வந்த பிறகு கவனம் கொஞ்சம் பிசகியது உண்மை.

வீட்டுக்குள் நுழைந்தேன். கேமராவுக்கு முத்து முத்தாக வேர்த்தது. பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல் பூரித்துப்போனேன்.

“பாத்தியா? மூணு மணி நேரம்!”

“பாவம், நடுங்கியிருப்பீங்க. கொக்கு வந்துச்சா?”

“வரலை.”

“ஒண்ணு வந்துச்சே!”

முந்தானையால் துடைப்பதுபோல் ஏப்ரன் நுனியால் கேமராவைத் துடைத்துப் படத்தைக் காட்டினாள். சுற்றிலும் பனி. ஜன்னலில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் சிவப்புத் தலை, சொருகிய கண்கள், நீட்டிய வாய். வாயிலிருந்து நாலைந்து நூடுல்ஸ் தொங்கிக்கொண்டிருந்தன.

“இது... எப்படி?”

“நீங்க போன பத்தாவது நிமிஷம் பனியில உங்க கால்தடத்தைப் பிடிச்சுக்கிட்டே வந்தேன். பாலத்துக்குப் போகலை, கடையோட நின்னுபோச்சு. பனிக்குள்ளேருந்து கேமரா வார் நீட்டிக்கிட்டு இருந்துச்சு. ஒரு படம் எடுத்துட்டு பழையபடி புதைச்சுட்டேன்.”

“அழிச்சுடு சிசுகோ.”

“அழிக்கறதா? போட்டிக்குப் போகுதுங்க!”

போயிற்று. ‘செந்தலைக் கொக்கின் காலை உணவு’ என்று தலைப்பு வைத்தாள். முதல் பரிசு. ஊர் மண்டபச் சுவரில் ஒரு மாதம் தொங்கினேன்.

பரிசு வாங்கிய மறு ஞாயிறு, வண்டி வந்து வாசலில் குவித்துவிட்டுப் போனது. சிசுகோ கேமராவைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பனிவாரியை என் கையில் கொடுத்தாள்.

“நீ எங்கே கிளம்பிட்டே?”

“பாலத்துக்கு. படம் எடுக்கற கை இதைத் தொடக் கூடாதுங்க. நடுங்கும். நீங்கதானே சொன்னீங்க?”

பத்து மணிக்குத் திரும்பினாள். கொக்கு வரவில்லையாம். மூன்று மணி நேரம் நின்றாளாம். அடுப்பருகே அவள் வைத்த கேமராவை உற்றுப் பார்த்தேன். ஒரு சொட்டு வேர்வை இல்லை.

தைரியசாலி வாயைத் திறந்தேன்.

“பாவம், நடுங்கியிருப்பே.”