வட்டம் சாரின் தாகம்

தான் கட்டிய தொட்டியில் தண்ணீர் ஏறவில்லை என்பதற்காக மனுஷர்களையே படிக்கக் கிளம்பிய எஞ்சினியர் இந்தப் பூமியில் ஒருத்தர்தான். அவர் எங்கள் வட்டம் சார்.

அறுபதுகளில், ஏரியூர்ப் பக்கம் நான் வாத்தியாராக இருந்த ஊருக்குத் தண்ணீர்த் தொட்டி கட்ட வந்தார். மோட்டார், குழாய் எல்லாம் கச்சிதம். முதல் குழாய் மேலத் தெருவுக்கா, கீழத் தெருவுக்கா என்பதில் வந்தது வினை. காலையில் ஒரு தெரு வெட்டிய பள்ளத்தை மாலையில் மறு தெரு மூடியது. பெண்கள் பழையபடி குடத்தோடு காட்டுக் கிணற்றுக்கு நடந்தார்கள். தொட்டியில் காக்காய் குஞ்சு பொரித்தது.

“என் கணக்குல தப்பே இல்லைங்க வாத்தியாரே. தண்ணி மேல ஏறும். இந்த ஜனங்கதான் எறங்கி வரமாட்டேங்கறாங்க!” என்று பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்து புலம்பினார்.

சர்க்கார் வேலையை உதறிவிட்டு வடக்கே போனார். நாலு பேர் ஒன்றாகக் கூடினால் புத்தி எங்கே போகிறது என்பதற்கும் ஒரு படிப்பு இருக்கிறதாமே, அதைப் படித்து புரொபசரும் ஆகிவிட்டார். எழுபதுகளில் காலேஜுக்கு லீவு விட்டால் போதும், எங்கள் ஊர் பஸ்ஸில் வந்து இறங்குவார். “எல்லாரும் வட்டமா உக்காருங்க. வட்டத்துல மொத ஆளும் இல்ல, கடைசி ஆளும் இல்ல” என்பார். பெயர் அப்படி வந்ததுதான்.

முதல் கூட்டத்தில் வட்டமாகத்தான் உட்கார்ந்தார்கள். ஆனால் அத்தனை பேரும் வெளிப்பக்கம் பார்த்துக்கொண்டு! மேலத் தெரு மாரப்பன் நியாயம் பேசினார்: “வட்டமா உக்காரச் சொன்னீங்க, உக்காந்துட்டோம். அவனுங்க மூஞ்சியப் பாக்கணும்னு சொல்லவே இல்லீங்களே!”

அடுத்த லீவில் எல்லோரையும் உள்பக்கம் திருப்பினார். அரை மணியில் கைகலப்பு. சாரின் மூக்குக் கண்ணாடி உடைந்தது. உடைத்தது எந்தத் தெரு என்று அதற்கொரு சண்டை. “பேச்சுவார்த்தை ஆரம்பிச்சிடுச்சு பாத்தீங்களா?” என்றார் என்னிடம். இந்த மனுஷரை என்னதான் செய்வது, கடவுளே!

கடைசியில் ஒரே ஒரு விஷயத்தில் ஊர் ஒன்றுபட்டது. சார் இனிமேல் இந்தப் பக்கம் வரக்கூடாது. சேர்ந்து வந்து சொன்னார்கள்.

“ரெண்டு தெருவும் ஒண்ணாவா வந்து சொல்றீங்க?” என்று பச்சைப் பிள்ளை மாதிரிச் சிரித்தார்.

அவர் ஏறுவதைக் கண்ணால் பார்க்கவேண்டுமென்று பஸ் நிற்குமிடம்வரை ஊரே கூட வந்தது. சித்திரை வெயில். “ஒரு வாய் தண்ணி கிடைக்குங்களா?” என்று கேட்டார். இரண்டு சொம்புகள் ஒரே நேரத்தில் நீண்டன.

“எங்க தண்ணியக் குடிங்க சார்!”

“அதெப்படி? மொதல்ல எங்களுது!”

நீட்டிய கையை எந்தப் பக்கம் கொண்டுபோவதென்று தெரியாமல் நின்றார். தள்ளுமுள்ளில் இரண்டு சொம்பும் மண்ணில் கவிழ்ந்தன. அப்போதுதான் அந்தச் சிரிப்பு போனது. பஸ் வந்தது. காய்ந்த உதட்டோடு ஏறிப் போனவர், பிறகு வரவேயில்லை.

தொட்டி இன்னும் காய்ந்துதான் கிடக்கிறது. மத்தியான பஸ்ஸின் ஹாரன் கேட்டால் என் கை தானாகச் சொம்பைத் தேடுகிறது. வந்து ஒரு வாய் குடித்துவிட்டுப் போகக்கூடாதா, அந்த மனுஷர்?