நாற்பத்து மூன்றாவது வீடு

இந்த வருடம் தேங்காய் திருவுவதில்லை என்று நதானியேல் சபதம் எடுத்தான்.

சும்மா எடுத்த சபதமல்ல, மூன்று வருடத்து வயிற்றெரிச்சல். சாவகச்சேரியில் அவர்களுடைய சபைக்கு ஒரு வழக்கம் உண்டு. நத்தார் வந்தால் கரோல் பாடுகிறவர்கள் ட்ரக்டர் பெட்டியில் ஏறி வீடு வீடாகப் போவார்கள். போகிற வீடுகளில் பிளேன்ரீயும் கேக்கும் கிடைக்கும். கடைசி வீட்டில் மட்டும் எல்லோருக்கும் சாப்பாடு. ட்ரக்டர் ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் தேவாலயத்துக்குத் திரும்பும்போது கடைசியாக வருகிற வீடு நதானியேலுடையது. நாற்பது பேருக்கு இடியப்பம், சொதி, சம்பல். அவித்த மனைவி றொசாந்திக்குச் சபை முழுவதும் பாராட்டு. முப்பது தேங்காய் திருவிய நதானியேலுக்குத் தோள்மூட்டு வலி.

இணையத்தளம் செய்வது அவன் தொழில். நாலு நாட்டு வெள்ளைக்காரருக்குச் செய்து கொடுக்கிறவன் நாற்பத்து மூன்று வீட்டுக்கு ஒரு வரைபடம் போடமாட்டானா? போதகரிடம் போனான்.

"ஐயா, தேவாலயத்துக்குக் கிட்ட இருக்கிற வீடு முதல். தூரத்து வீடு கடைசி. கொம்பியூட்டரே வரிசை சொல்லும். அது பிழை விடாது."

போதகருக்குப் பரம சந்தோஷம். நதானியேலின் வீடு தேவாலயத்திலிருந்து மூன்றாவது வளவு. தூரத்து வீடு மீசாலைப் பக்கம், செல்வத்துரை மாஸ்டருடையது. மாஸ்டர் திருவலையில் குந்தியிருந்து தேங்காய் திருவும் காட்சி நதானியேலின் கண்முன் வந்தது. நெஞ்சு குளிர வீட்டுக்கு வந்தான்.

"இஞ்சரும், இந்தமுறை நாங்கள் முதல் வீடு. பிளேன்ரீயோடை அலுவல் முடிஞ்சுது."

"அப்ப இடியப்பம்?" என்றாள் றொசாந்தி.

"அது செல்வத்துரை மாஸ்டர் வீட்டிலை."

"மாஸ்டற்றை மனிசி வினிபிரட் அக்காவோ அவிக்கப் போறா? அவ அவிக்கிற இடியப்பத்தாலை கதிரை பின்னலாம்."

"அது சனத்தின்ரை விதி. நீர் பேசாமல் இரும்."

"ஓம், நான் ஏன் கதைக்கப் போறன்."

இவ்வளவு சுகமாக அவள் ஓம் சொன்னபோதே அவனுக்குப் பயம் பிடித்திருக்க வேண்டும். விதி யாரை விட்டது!

ஞாயிறு ஆராதனையில் போதகர் அறிவித்தார். "உங்கடை உங்கடை வீடு இருக்கிற இடத்தைத் தம்பி நதானியேலுக்கு ஃபோனிலை அனுப்புங்கோ." கீழ்ப்படிவுள்ள சபை அது. ஆமென் சொன்ன கையோடு, நாற்பத்திரண்டு குடும்பமும் நின்ற இடத்தில் நின்றபடியே அழுத்தி அனுப்பிவிட்டன. வீட்டுக்கு வந்து நதானியேல் வரைபடத்தைத் திறந்தான். நாற்பத்திரண்டு வீடும் தேவாலய முற்றத்தில், ஒன்றின் தலையில் ஒன்றாக ஏறி நின்றன.

ஒவ்வொருவராகக் கூப்பிட்டு வழி கேட்டான்.

"பழைய மில்லடியிலை இறங்கித் தெற்காலை வாரும் தம்பி."

"மில் எங்கை இருக்கு அண்ணை?"

"மில் இப்ப இல்லை."

சரி, சிவப்புக் குறிகளைக் கையாலேயே இழுத்து வைப்போம் என்றால் அதுவும் சரிவரவில்லை. குறியை இழுத்தால் வரைபடம் வந்தது. வரைபடத்தை இழுத்தால் குறி வந்தது. விரல் கொஞ்சம் தடக்கினால் ஆபிரிக்கா வந்தது. மேலிருந்து எடுத்த படத்தில் மாவும் பனையும் தவிர ஒரு கூரையும் தெரியவில்லை. நதானியேலுக்கு அழுகை வந்தது.

றொசாந்தி பிளேன்ரீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "உந்த நீலத் தண்ணித் தாங்கி ஷரோன் வீடு. அதுக்குப் பக்கத்து வளவு அனோஜன் வீடு. தாங்கோ இஞ்சை." பிளேன்ரீ ஆறமுன்னம் நாற்பத்திரண்டு குறியும் அதனதன் முற்றத்தில் நின்றன.

"எங்கடை வீட்டையும் வைக்கட்டே?"

"வேண்டாம். அதை நானே போடுவன்." அவளுடைய விரலில் அவனுக்கு நம்பிக்கையில்லை. கொஞ்சம் தள்ளி வைத்தாளானால் திருவலைதான்.

முதலில் அவளுடைய வேலையைச் சேமித்தான். சேமித்ததும் ஊரே காணாமல் போய்விட்டது. தேடினான். சாவகச்சேரிச் சபை முழுவதும் வடதுருவத்துக்குக் கிட்ட ஐஸ் கடலில் மிதந்தது.

"அங்கை கரோல் கேக்க ஆர் இருக்கினம்?" என்றாள் றொசாந்தி.

"வெள்ளைக் கரடி!" என்று கத்தினான் நதானியேல்.

விஷயம் இதுதான். ஒவ்வொரு இடத்துக்கும் அகலக்கோடு, நெடுங்கோடு என்று இரண்டு எண். சாவகச்சேரிக்கு ஒன்பது சொச்சமும் எண்பது சொச்சமும். வரைபடத்துக்கு ஒன்பது முதலில் வரவேண்டும். குறிகளைச் சேமிக்கிற பகுதியோ எண்பதை முதலில் எழுதி வைத்திருந்தது. இரண்டையும் செய்த புண்ணியவான்கள் ஒருவரோடொருவர் கதைப்பதில்லைப் போலும். இந்த ஒன்றைக் கண்டுபிடிக்க அவனுக்கு இரண்டு நாள் போனது. சாப்பாடு இறங்கவில்லை. மரம் வெட்டப் போயிருக்கலாம் என்று வாய்விட்டே சொன்னான். கடைசியில், வருகிற எண்களையெல்லாம் புரட்டிப் போடு என்று ஒரு வரி எழுதினான். நாற்பத்திரண்டு வீடும் ஊருக்குத் திரும்பின.

பிறகு தன் வீட்டின் எண்களைக் கையாலேயே பதிந்தான். ஒன்பது முதலில், எண்பது பிறகு. பட்டறிந்தவன் இனிப் பிழை விடுவானா? வந்த வரிசையைத் திறந்தும் பாராமல் போதகருக்கு அனுப்பினான். அந்த வரைபடத்தின் முகத்தில் இனி முழிப்பதில்லை என்று மடிக்கணினியை மூடினான்.

கரோல் நாள் பின்னேரம் ஆறு மணிக்கு நதானியேல் வெள்ளை நீளக்காற்சட்டையோடு வாசல் படலையில் நின்றான். பாட்டுச் சத்தம் வந்தது. ட்ரக்டர் வந்தது. வந்த வேகத்திலேயே படலையைக் கடந்து போனது.

"ஐயா! எங்கடை வீடு!"

"நீங்கள் நாப்பத்திமூண்டாவது, தம்பி! கடைசியா வாறம்!" என்றார் பெட்டியிலிருந்த போதகர்.

"அது பிழை ஐயா!"

"கொம்பியூட்டர் பிழை விடாது எண்டு நீங்கள்தானே சொன்னியள்!"

ஓடிப்போய் மடிக்கணினியைத் திறந்தான். சாவகச்சேரியில் நாற்பத்திரண்டு வீடு. அவன் வீட்டைக் காணவில்லை.

"பின்னுக்குப் போங்கோ," என்றது குசினிக்குள்ளிருந்து ஒரு குரல். "இன்னும். இந்தியாவைத் தாண்டுங்கோ. இன்னும் மேலை."

ஐஸ் கடலில் ஒற்றைச் சிவப்புக் குறி தனியே நின்றது. அவன் ஒழுங்காக எழுதியதையும் அவனுடைய அந்த ஒரு வரி விடாமல் புரட்டிப் போட்டிருந்தது. தேவாலயத்திலிருந்து தூரம் எட்டாயிரத்து ஐந்நூறு கிலோமீற்றர். செல்வத்துரை மாஸ்டர் வீட்டுத் தூரம் இதற்கு எம்மட்டு!

"நீர் இதை எப்ப கண்டனீர்?"

"செவ்வாய்க்கிழமை."

"ஏனப்பா சொல்லேல்லை?"

"பேசாமல் இரும் எண்டு ஆர் சொன்னது?" என்றபடி றொசாந்தி திருவலையைக் காலால் அவன் பக்கம் தள்ளினாள். முப்பது தேங்காயும் ஏற்கெனவே உரித்துக் கிடந்தன.